எழுத்து வெட்டின கல்

காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டு கலைந்து நான் பள்ளிக்கூட மணியை அடிக்கப் போனபோது தலவாக்கலைத் தபால் நிலையத்திலிருந்து தந்தி வந்தது. எங்கள் தோட்டத்து உபதேசியார் மரியதாசன் வடக்கே ஒரு ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் இறந்துவிட்டார், அடக்கமும் முடிந்துவிட்டது. மூன்று முறை படித்தேன். இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

வாரத்தில் ஆறு நாள் கொழுந்தை அரைத்துத் தூளாக்கும் தேயிலை ஸ்டோரில் அவருக்கு வேலை, ஞாயிற்றுக்கிழமை ஜெபம். பாவத்தால்தான் பட்டினி என்று அவர் ஒருநாளும் பிரசங்கித்ததில்லை. "பாவம் பண்ணினவன் பங்களாவுல இருக்கான்" என்பார். சாமி கும்பிடாத எனக்கும் அவருக்கும் ஒத்துப்போனது அதனால்தான்.

மாசியில் என்னை அநுராதபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். ஆதிக் கிறிஸ்தவர்கள் செதுக்கிய கற்சிலுவையை அங்கிருந்த பழம்பொருட்சாலைக் காவற்காரர் காட்டினார். "ரொம்பப் பழசு ஐயா. பாரசீக யாவாரிங்கன்னு சொல்றாங்க."

உபதேசியார் முழந்தாளிட்டு எழுந்தார். "யாவாரிக்கெல்லாம் கல்லு நிக்குது பாத்தீங்களா வாத்தியாரே? வாங்க, எங்கய்யா கல்லையும் பாத்துருவோம்."

நகருக்கு வெளியே காட்டுக்குள் போகும் பழைய பாதை. நம்மவர்களை இந்தியாவிலிருந்து மலைக்கு ஓட்டிவந்த பாதை. வாந்திபேதியில் விழுந்த அவர் தகப்பனாரை ஒரு குளக்கட்டின் அருகே போட்டுவிட்டுக் கூட்டம் நடந்திருக்கிறது, கங்காணி நிற்கவிடவில்லை. கைக்குழந்தையோடு திரும்பிப் பார்த்த தாயார் அன்றிலிருந்து சொல்வது ஒன்றுதான்: "தொரைமாரு ஒங்கய்யாவுக்கு எழுத்து வெட்டின கல்லு வச்சிருக்காங்க."

குளக்கட்டைக் கண்டோம். கல் இருந்தது. எழுத்தும் இருந்தது. அது மைல் கல்.

உபதேசியார் சிரித்தார். பிறகு அந்தக் கல்லைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க வாத்தியாரே. அவங்க சொன்னத நான் நெசமாக்கிடுறேன்."

அதற்காகத்தான் மூன்று வாரத்துக்கு முன் உளியோடு புறப்பட்டார். துரை லீவு தரவில்லை. வேலையை விட்டு நிறுத்தும் பத்துச்சீட்டைத்தான் தந்தார். தகப்பன் பெயரை ஒரு கல்லில் வெட்ட ஒரு மனிதர் வேலையையும் உயிரையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. இதை எந்தக் கோயிலில் போய்ச் சொல்ல?

நேற்று அவருடைய பை ரயிலில் வந்தது. உளி மழுங்கியிருந்தது. எத்தனை எழுத்து வெட்டினாரோ, தெரியாது. தாயார் உளியைத் தடவிப் பார்த்தார்.

"எம்மவனுக்கும் கல்லு வப்பாங்களா வாத்தியாரே?"

"வச்சிட்டாங்கம்மா. எழுத்து வெட்டி."

இதைப் படிப்பவர்கள் யாரும் அந்த அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். போய் வாருங்கள், உபதேசியாரே. உளியைத் தீட்டக் கொடுத்திருக்கிறேன்.