பெரிய வெள்ளிக்கிழமை தீய்ந்த கஞ்சி

வரகுக் கஞ்சி பானையின் அடியில் தீய்ந்தால் ஒரு வாடை வரும். முதலில் வறுத்த தானியத்தின் மணம் போல மூக்கைத் தொட்டு, அப்புறம் கரிந்த துணி போல நெஞ்சுக்குள் இறங்கி, மூன்று நாளைக்கு வீட்டை விட்டுப் போகாது. இளமைக்காலத்துச் சமையல் என்றதும் எல்லோரும் கைமணம், மண்பானை ருசி என்று உருகி உருகிப் பேசுகிறார்கள். கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கு அந்தக் காலம் என்றால் அந்தத் தீய்ந்த வாடைதான்.

ஐம்பதுகளின் நடுவில், ஆவூரில் நாங்கள் மூன்று பிள்ளைகள். மூத்தவன் அண்ணன், பதினாறு வயது. நடுவில் நான், பதின்மூன்று. கடைசி பிலோமி, ஒன்பது. அம்மாவுக்கு 'இளைப்பு', புகை பட்டால் மூச்சு வாங்கும், அதனால் பத்து வயதிலேயே அடுப்பு என் தலையில் விழுந்தது. அண்ணனுக்கு மூச்செல்லாம் நன்றாகத்தான் இருந்தது, இரண்டு கையும் இருந்தன. ஆனால் அடுப்புப் பக்கம் திரும்பிப் பார் என்று அவனிடம் சொல்ல அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார மட்டும் அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

எட்டாவது முடிக்கும் நேரத்தில், திருச்சியில் கன்னியர் மடத்துப் பள்ளியில் தங்கிப் படிக்க எனக்கு இடம் கிடைக்கும் என்று டீச்சர் வந்து சொன்னார். அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "இவ போயிட்டா அடுப்ப யாரு பாக்குறது?" டீச்சர் போன பிறகு அவரே விடையும் சொன்னார். சின்னவளுக்கு நான் சமையல் கற்றுக்கொடுக்க வேண்டும். பெரிய வெள்ளியன்று அவள் தனியாகக் கஞ்சி காய்ச்சி இறக்கினால் நான் போகலாம், இல்லாவிட்டால் இல்லை.

தவக்காலத்தில் மிச்சமிருந்தது நான்கு வாரம். நான் பிலோமியைச் சொல்லிக்கொடுத்துப் பழக்கவில்லை, விரட்டிப் பழக்கினேன். உலைக்குத் தண்ணீர் எத்தனை செம்பு, வேலிக்கருவை விறகை எவ்வளவு உள்ளே தள்ள வேண்டும், கஞ்சி பொங்கும்போது மூடியை எந்தப் பக்கம் ஒதுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் ஒருமுறைதான் சொல்வேன், மறுமுறை கேட்டால் தலையில் குட்டு விழும். பருக்கையை எடுத்து விரலில் நசுக்கி வெந்ததா என்று பார்ப்பதுதான் முறை. முதல் நாளே அவள் விரலைச் சுட்டுக்கொண்டு அழுதாள். அதைப் பொறுமையாகப் பழக்க எனக்கு நேரமில்லை, சுருக்கு வழி ஒன்று சொன்னேன். கிழக்கு வீட்டு நிழல் எங்கள் வாசற்படியை விட்டு இறங்கியதும் உலையை ஏற்று. கோயிலில் மத்தியான மணி அடித்ததும் மூன்று 'அருள் நிறைந்த மந்திரம்' சொல்லு. சொல்லி முடித்ததும் விறகை வெளியே இழு. கடிகாரம் இல்லாத ஊரில் பாதி அடுப்புகள் அந்த மணிக்குத்தான் வெந்தன. பிலோமியும் பிசகாமல் இறக்கப் பழகிவிட்டாள்.

பெரிய வெள்ளியன்று காலையில் ஊரே சிலுவைப்பாதைக்குப் போயிற்று. அம்மா உள்ளறையில் இளைத்துக் கண்ணயர்ந்திருந்தாள். அன்றைக்கு ஒருசந்தி, மத்தியானம் ஒரு வேளைக் கஞ்சிதான். வெயிலில் மூன்று மணி நேரம் முழந்தாளிட்டு எழுந்த பசியோடு நாங்கள் திரும்பியபோது தெருமுனையிலேயே அந்த வாடை வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், கஞ்சி களியாகி, களி கரியாகி, அடுப்பு இன்னும் கணகணவென்று எரிந்துகொண்டிருக்கிறது. பிலோமி அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"மணி இன்னும் அடிக்கலையேக்கா" என்றாள்.

எப்படி அடிக்கும்? பெரிய வியாழன் பூசையில் மணியைக் கட்டினால் உயிர்ப்புத் திருநாள் பூசை வரைக்கும் ஊரில் மணிச் சத்தம் கிடையாது, மரக்கட்டையைத் தட்டித்தான் சனங்களைக் கூப்பிடுவார்கள். கைக்குழந்தைக்கும் தெரிந்த அந்த விஷயத்தை, நான்கு வாரம் மணி மணி என்று உருப்போட வைத்த எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அண்ணன் பானையை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அப்பா, "ரெண்டு பேரும் இங்கனயே கெடங்க. படிச்சுக் கிழிச்சது போதும்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போனார். நான் அகப்பையை எடுத்து பிலோமியின் மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன், அகப்பைக் காம்பு முறிந்து தோலைக் கிழித்தது. அப்புறம் மாட்டுக்கொட்டகைக்குப் போய் வைக்கோலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அவள் வாசலில் நின்று பார்த்தது தெரிந்தும் நான் திரும்பவில்லை.

மறுநாளும் மணி கிடையாது. ஒருவரும் சொல்லாமலே பிலோமி உலை வைத்தாள். வீங்கிய கையாலேயே பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்து, சரியான பதத்தில் இறக்கி அப்பா முன்னால் வைத்தாள். அவர் இரண்டாம் முறை வாங்கிக் குடித்தார். "சரி, பெரியவ போகட்டும்" என்றார். என்னைப் போல அடுப்பையும் படிப்பையும் சேர்த்துப் பார்க்க இவளால் ஆகாது என்று திங்கட்கிழமையே பிலோமியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். நாலாம் வகுப்புப் பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. பரீட்சை மட்டுமாவது எழுதட்டும் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். அப்பா மனம் மாறிவிடுவாரோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். ஆனி மாதம் தகரப்பெட்டியோடு பஸ் ஏறினேன், டீச்சரானேன், முப்பத்தைந்து வருஷம் ஊரார் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். என் தங்கைக்கு நான் சொல்லிக்கொடுத்தது கஞ்சி காய்ச்ச மட்டும்தான்.

போன பெரிய வெள்ளிக்கு பிலோமி வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தப் புகையடுப்பு இல்லை, அப்பா இல்லை, அண்ணன் இல்லை, வரகும் கடையில் பாக்கெட்டில் வருகிறது. அவள் கேஸ் அடுப்பில் கஞ்சி வைத்துவிட்டு, நேரம் பார்க்காமல், பருக்கையை விரலில் நசுக்கிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் அந்தத் தழும்பு இருந்தது. அத்தனை வருஷம் தொண்டையில் நின்றதை அன்றைக்குத்தான் சொன்னேன்: "மணி அடிக்காதுன்னு நான் ஒனக்குச் சொல்லியிருக்கணும்டி."

அவள் திரும்பாமலே சொன்னாள். "எனக்குத் தெரியும்க்கா. மொத நா மணியைக் கட்டுனப்ப நானுந்தானே கோயில்ல நின்னேன். கஞ்சி தீஞ்சா என்னையப் பள்ளிக்கூடத்துலயே விட்ருவாகன்னு நெனச்சேன்."

அப்படியானால் மறுநாள் ஏனடி ஒழுங்காக இறக்கினாய் என்று கேட்டேன்.

"நீ கொட்டகையில அழுதியேக்கா" என்று சொல்லிவிட்டு, அடுப்பை அணைத்து எனக்கு முதலில் ஊற்றினாள்.