மல்லூர் ஏத்தத்துல ஒரு படகு

எருமப்பட்டியில ராமாயின்னு கேட்டா எந்த ராமாயிம்பாங்க. வண்டிக்காரத் தங்கமுத்து பொண்டாட்டின்னு சொன்னாப் போதும், "அந்த வாய்க்காரியா, நேராப் போங்க, சத்தம் கேக்கும்"னு கையைக் காட்டுவாங்க. வாழப்பாடிப் பக்கத்துல இருந்து பதினாறு வயசுல வாக்கப்பட்டு வந்தவ. 'ஊடு'ன்னு சொல்லாம 'வீடு'ன்னு சொல்றாளேன்னு வந்த புதுசுல கேலி பண்ணுனாங்க. வீடோ ஊடோ, கூட்டுறதும் மொழுகறதும் நாந்தானேன்னு கேட்டதோட அந்தக் கேலி நின்னு போச்சு.

அவளுக்குன்னு ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்துச்சு. பாரம் பாக்கறது. தங்கமுத்து நல்ல மனுசன், ஆனா மூட்டை ஏத்தத் தெரியாது. ஒரு நாளைக்கு முன்பாரமா ஏத்தி மாட்டுக் கழுத்தை அமுக்குவான், மறுநாள் பின்பாரமா ஏத்தி மாட்டுக் கழுத்துமேல கெடக்கற நொகத்தை மேல தூக்க வெப்பான். அதனால ராமாயியும் வண்டிகூடவே போவா. பொம்பளை சந்தை சந்தையா வண்டி பின்னால போறதான்னு ஊருல பேசத்தான் செஞ்சாங்க. அவ காதுல போட்டுக்கலை. நொகத்தை ஒரு கையால தூக்கிப் பாத்து, "ரெண்டு மூட்டையை ஒரு சாண் பின்னால தள்ளுங்க"ம்பா. தள்ளுனா சரியா இருக்கும்.

அவங்களுக்கு இருந்த சொத்து ஒரு ஜோடி மாடு. எடத்து மாடு மயிலை, வலத்து மாடு செவலை. செவலையைப் பத்தி வெசனமில்லை, அது எதையும் தாங்கும். மயிலைதான் கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. ஆனா மயிலை இல்லாம செவலை ஒரு எட்டு நகராது. ஒண்ணு படுத்தா ரெண்டும் போச்சு, ரெண்டும் போச்சுன்னா அடுப்புல பூனைதான் படுக்கும். இது ராமாயிக்கு நல்லாத் தெரியும்.

முப்பத்தாறாம் வருசம் ஐப்பசியில ஊரு நெலமெல்லாம் வெச்சிருந்த மிட்டாதார் ஊட்டுல இருந்து ஆள் வந்துச்சு. மிட்டாதார் மகன் எங்கியோ ஏரியில துரைமாருங்க படகு ஓட்டறதைப் பாத்துட்டு வந்து, நம்ம ஏரிக்கும் ஒண்ணு வேணும்னு மெட்ராசுக்கு எழுதிப் போட்டுட்டானாம். ஏரியில தண்ணி நிக்கிறதே வருசத்துல மூணு மாசம். மிச்ச ஒம்பது மாசம் அதுல ஆடு மேயும். படகு சேலத்து ரயிலடிக்கு வந்து கெடக்குது, அதைத் தூக்கி வெச்சு இழுக்கறதுக்கு ஒரு வண்டியும் கூடவே வந்திருக்குது, போய்க் கொண்டாந்திருன்னு தங்கமுத்துகிட்ட சொன்னாங்க. அவன் வெவரம் ஒண்ணும் கேக்காமத் தலையை ஆட்டிட்டான்.

மிட்டாதார்கிட்ட காரே இருக்குதே, அதுல கட்டி இழுத்தா என்னன்னு ராமாயி கேட்டா. அந்த வண்டியை மாட்டணும்னா காருக்குப் பின்னால ஒரு இரும்பு உருண்டை இருக்கோணுமாம், இந்தக் காருல அது இல்லியாம். காருல யாரும் ஒரு கயித்தைக்கூடக் கட்டப்படாதுன்னு மிட்டாதாரே சொல்லிட்டாராம். ஆக, காருக்கு நோவப்படாது, மாட்டுக்கு நோவலாம். நட்டு போல்ட்டு தெரிஞ்சவன்னு கார் ஓட்டற வேலுமணியை மட்டும் கூட அனுப்புனாங்க.

மாட்டை ஓட்டிக்கிட்டு, நொகத்தையும் கயித்தையும் எடுத்துக்கிட்டு மூணு பேரும் சேலம் போய்ச் சேந்தாங்க. கூட்ஸ் செட்ல படகு தனியாக் கெடந்துச்சு. வழுவழுன்னு வார்னீஷ் அடிச்ச மரம், ஆறு பேரு உக்காரலாம். பக்கத்துல ஒரு மரப்பெட்டி. ஒடைச்சா உள்ள வண்டியைக் காணோம். இரும்புச் சட்டம் அஞ்சாறு, காத்து அடிச்ச ரப்பர் சக்கரம் ரெண்டு, பூரிக்கட்டை மாதிரி உருளை மூணு, ஒரு பை நெறைய நட்டு போல்ட்டு, ஒரு காயிதம்.

வேலுமணி காயிதத்தை விரிச்சான். எழுத்து பூரா இங்கிலீசு. படம் ரெண்டு இருந்துச்சு. ஒரு படத்துல வண்டி ஏணியாட்டம் கெடந்துச்சு, சக்கரம் வட்டமா இல்லாமக் கட்டையாட்டம் தெரிஞ்சுது. இன்னொண்ணுல சக்கரம் நல்லா வட்டமா இருந்துச்சு, ஆனா ஒண்ணுதான் இருந்துச்சு. மூணு பேரும் மாறி மாறிப் பாத்தாங்க. கடைசியில வேலுமணி, ரெண்டு வண்டி அனுப்பியிருக்காங்க, ஒண்ணுதான் வந்திருக்குது, ஒத்தச் சக்கர வண்டியை எவனோ எடுத்துட்டான்னு முடிவு கட்டிட்டான்.

தங்கமுத்து போய்க் கூட்ஸ் கிளார்க்குகிட்ட மல்லுக்கு நின்னான். கிளார்க்கு ரசீதைக் காட்டுனாரு, படகு ஒண்ணு, பெட்டி ஒண்ணு. இவன் படத்தைக் காட்டுனான். அவரு காயிதத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, ஒண்ணு மேல இருந்து பாத்த படம், ஒண்ணு பக்கத்துல நின்னு பாத்த படம்னாரு. மேல இருந்து யாரு பாத்தான்னு தங்கமுத்து கேட்டான். அவரு போய்ச் சாப்புட உக்காந்துட்டாரு.

மத்தியானம் பூரா சட்டத்தை முடுக்குறதும் கழட்டுறதுமாப் போச்சு. உருளை எதுக்குன்னு ஒருத்தருக்கும் புரியலை. கரும்பு ஆட்டவா, துணி பிழியவா? சட்டத்துல அதுக்குன்னு ஓட்டை இருந்துச்சு, மாட்டி விட்டாங்க. சட்டத்தோட முன்கழுத்துல நிக்க வெக்கற மாதிரி கொக்கி வெச்ச ஒரு சின்னக் கம்பம் இருந்துச்சு, அதையும் மாட்டிட்டு என்னன்னு தெரியாம வுட்டுட்டாங்க. கார் உருண்டையில மாட்டற கிண்ணத்துக்கு மேல, ரெண்டு மாட்டுக்கும் நடுவுல போற ஏர்க்காலை மரக்கடையில வாங்கிப் படுக்க வெச்சு, கம்பியும் கயிறும் போட்டு இறுக்கி, நொகத்தைக் கட்டுனான் தங்கமுத்து. அந்த ஒரு வேலை அவனுக்குத் தெரியும்.

அப்பறம்தான் பெரிய கொழப்பம். படகுக்கு எது முன்னு, எது பின்னு? இவங்க பாத்ததெல்லாம் பக்கத்து வேலூர் ஆத்துத் தொறையில ஓடற பரிசல். அது வட்டமா இருக்கும், முன்னும் கெடையாது பின்னும் கெடையாது. இந்தப் படகுக்கு ஒரு பக்கம் கூரா இருந்துச்சு, ஒரு பக்கம் தட்டையாப் பலகை அடிச்சிருந்துச்சு. கூருதான் முன்னு, தண்ணியைக் கிழிச்சுக்கிட்டுப் போவோணும்ல அப்படின்னான் வேலுமணி. ரோட்டுல கிழிக்கறதுக்கு என்ன இருக்குதுன்னான் தங்கமுத்து. அவன் தட்டைப் பக்கத்தைத் தடவிப் பாத்தான். அங்க ஆள் உக்கார அகலமான பலகை, படகைத் திருப்பற கட்டையைச் சொருவ இரும்பு வளையம்.

"ஓட்டறவன் எங்க உக்காருவானோ அதுதானப்பா முன்னு. எந்த வண்டியில வண்டிக்காரன் பின்னால உக்காந்து ஓட்டறான்?"

வேலுமணியும் தலையை ஆட்டிட்டான். காருலயும் அவன் முன்னாலதான உக்காந்து ஓட்டறான். ராமாயிக்கும் ஞாயமாத்தான் பட்டுச்சு. எட்டு கூலிக்காரங்களை வெச்சுத் தூக்கி, தட்டைப் பக்கம் மாட்டுப் பக்கமா இருக்கற மாதிரி வெச்சு, நடுவுல வைக்கப்போருக்குக் கட்டற மாதிரி ஒரே கயித்தைப் போட்டு இறுக்கிட்டாங்க.

நொகத்தைத் தூக்கிப் பாத்தா ராமாயி. அசையலை. ரெண்டு கையும் போட்டுத் தூக்குனா, அப்பவும் அசையலை. பாரம் பூரா முன்னால கெடந்துச்சு. இதை மாட்டுக் கழுத்துல வெச்சா ரெண்டும் முழங்கால் போட்டுரும். பின்னால எதையாச்சும் ஏத்துனாத்தான் சரியாகும்னு சொன்னா.

ஏத்தறதுக்கா பஞ்சம். சேலத்துக்குப் போன வண்டி வெறுசாத் திரும்புனா ஊருல சிரிப்பாங்க. கெளம்பும்போதே நாலு மூட்டை உப்பு வாங்கியாரச் சொல்லி ரெண்டு கடைக்காரங்க சொல்லியிருந்தாங்க. அதோட பூவாத்தாளும் வந்து சேந்தா. பக்கத்து ஊட்டுக்காரி, ராமாயிக்கு அக்கா மொறை, உருவத்துல ரெண்டு ராமாயி. மக கல்யாணத்துக்கு இளம்பிள்ளையில சீலை எடுத்துட்டு, ஒரு பெரிய மூட்டையோட ஊருக்கு வண்டி பாத்து நின்னுக்கிட்டு இருந்தா. உப்பு மூட்டை, சீலை மூட்டை, பூவாத்தா எல்லாத்தையும் கூருப் பக்கமா ஏத்துனாங்க. ராமாயி மறுபடி நொகத்தைத் தூக்குனா. ஒரு கொடம் தண்ணி கனம், அவ்வளவுதான். அவ முகத்துல ஒரு திருப்தி. அதுதான் அவ பண்ணுன தப்பு.

மறுநாள் விடியக் கெளம்புனாங்க. ரப்பர் சக்கரம் சத்தமே போடலை. கடகடன்னு சத்தம் கேட்டே பழகுன மாடு ரெண்டும், பின்னால என்ன வருதுன்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே நடந்துச்சு. பூவாத்தா படகுல சாஞ்சு உக்காந்து, வழியில போறவங்ககிட்ட எல்லாம் வெத்தலை இருக்குதான்னு கேட்டுக்கிட்டு வந்தா. தண்ணி எங்க, படகு எங்கன்னு ஆளுங்க வாயைப் பொளந்துக்கிட்டு நின்னாங்க.

மல்லூர் ஏத்தம் வந்துச்சு. பாதி ஏறியிருப்பாங்க. படகுக்குள்ள சர்ருன்னு ஒரு சத்தம். உப்பு மூட்டை ஒண்ணு வழுக்கிக்கிட்டுக் கடைசிக்குப் போச்சு. மரவண்டின்னா பலகை சொரசொரன்னு இருக்கும், ஓரத்துல முளைக்குச்சி நிக்கும், மூட்டை நகராது. இது வார்னீஷ் அடிச்ச மரம். அடுத்த மூட்டை போச்சு, அதுக்கடுத்தது, அதோட பூவாத்தாளும் போனா. அப்பறம் படகே நகர ஆரம்பிச்சுது. உருளை எதுக்குன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. படகை ஏத்தி எறக்கறதுக்கு. அதும்பாட்டுக்கு உருண்டு படகைப் பின்னால வுட்டுக்கிட்டே இருந்துச்சு.

நொகம் மேல எழும்புச்சு. மாட்டுக் கழுத்தை நொகத்தோட சேத்துக் கட்டற பூட்டாங்கயிறு தொண்டையில ஏறிருச்சு. செவலை காலை ஊணி நின்னுக்குச்சு. மயிலை முன்னங்கால் ரெண்டும் தரையில பாவலை, நாக்கு வெளிய வந்துருச்சு.

தங்கமுத்து ஓடிவந்து நொகத்தைப் புடிச்சுத் தொங்குனான். அது அவனையும் சேத்துத் தூக்குச்சு. வேலுமணி பின்னால போய்ப் படகைத் தள்ளுனான். பூவாத்தா, அப்பனே முருகான்னு கண்ணை மூடிக்கிட்டா. முன்னால தவந்து வாக்கான்னு ராமாயி கத்துனது அவ காதுல வுழலை.

ராமாயிக்கு ஒரு நிமிசம் ஒண்ணும் புரியலை. பூட்டாங்கயித்தை அவுத்தா மாடு பொழைக்கும், ஆனா வண்டி பூவாத்தாளோட பள்ளத்துல உருண்டு போயிரும். அவுக்கலைன்னா பூவாத்தா பொழைப்பா, மயிலை போயிரும். பூவாத்தாளைப் பாத்தா, மயிலையைப் பாத்தா. தூக்கிப் பாத்தப்ப ஒரு கொடம் தண்ணி கனம்தான இருந்துச்சு, எப்படிப் போச்சுன்னு அந்த நேரத்துலயும் மனசு அதையே கேட்டுக்கிட்டு இருந்துச்சு.

அப்பத்தான் ஒரு உப்பு மூட்டை படகைத் தாண்டி ரோட்டுல வுழுந்து கிழிஞ்சுது. ராமாயி அதைக் காலால ஒதைச்சு உருட்டி, எடத்துச் சக்கரத்துக்கு அடியில திணிச்சா. கல்லா இருந்தா ரப்பர் ஏறிக் குதிச்சிருக்கும், உப்பு அமுங்கிக்கிட்டுப் புடிச்சுக்குச்சு. "தம்பி, அந்தப் பக்கம் ஒண்ணைப் போடு"ன்னா. வேலுமணி இன்னொரு மூட்டையை இழுத்துப் போட்டான். வண்டி நின்னுருச்சு.

"ஏனுங்க, நொகத்தை வுட்டுட்டு அக்கட்டால தள்ளிப் போங்க" அப்படின்னா புருசங்கிட்ட. பூட்டாங்கயித்து முடிச்சை உருவுனா. நொகம் வானத்தைப் பாத்துப் போச்சு, படகோட மூக்கு தரையில குத்துச்சு, பூவாத்தா சீலை மூட்டை மேல அலுங்காம வந்து எறங்குனா. மயிலை தொப்புன்னு நின்னுச்சு. நின்னு, நடுங்கிக்கிட்டே மூச்சு வுட்டுச்சு.

பூவாத்தா எந்திரிச்சு, "ஏம்புள்ள, என்னையக் கொல்லப் பாத்தியா?"ன்னு கேட்டா.

"உன்னையக் கொல்ல ஒரு படகு போதுமாக்கா"ன்னுட்டு ராமாயி மயிலைகிட்ட போனா. கழுத்துல தோல் வழண்டு செவசெவன்னு இருந்துச்சு, முடி இல்லை. ரோட்டோரக் கெணத்துல இருந்து தண்ணி கொண்டாந்து வெச்சா. மயிலை மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்குச்சு. ராமாயி அங்கியே குத்துக்கால் போட்டு உக்காந்துட்டா. வெயில் ஏறுனதுக்கு அப்பறம் மயிலை வாளிக்குள்ள மூக்கை வுட்டு உறிஞ்சுச்சு. அப்பத்தான் அவ எந்திரிச்சா.

அப்பறம் நடந்ததை ராமாயி எத்தனை தடவை சொன்னாலும் ஒவ்வொரு தடவையும் கொழம்பித்தான் சொல்லுவா. உப்பையும் சீலையையும் அந்தப் பக்கம் வந்த வேற வண்டியில ஏத்தி வுட்டாங்க, பூவாத்தாளையும். வயக்காட்டு ஆளுங்களைக் கூப்புட்டுப் படகைத் திருப்பிக் கூருப் பக்கத்தை முன்னால வெச்சாங்க. வெச்சா, கூருல இருந்த வளையம் அந்தக் கம்பத்துக் கொக்கிக்கு நேரா வந்து நின்னுச்சு. ரெண்டையும் சேத்துக் கட்டுனாங்க. பின்னால தட்டைப் பக்கத்தையும் சட்டத்தோட ரெண்டு கட்டு கட்டுனாங்க. படகு அசையலை. நொகத்தைத் தூக்கிப் பாத்தா, ஒரு கொடம் தண்ணி கனம், உள்ள ஒரு மூட்டை இல்லாமலே. பாரமான தட்டைப் பக்கத்தைப் பின்னால வெச்சா எப்படிச் சரியாகும்? அவளுக்குக் கடைசி வரைக்கும் புடிபடலை. சக்கரம் எங்க இருக்குதுன்னு பாக்கோணும்க்கான்னு வேலுமணி சொன்னான். அவனுக்கும் உறுதியாத் தெரியலைன்னு அவன் மூஞ்சியே சொல்லுச்சு.

மயிலையைப் பூட்டலை. மல்லூர்ல ஒரு மாடு வாடகைக்குப் புடிச்சாங்க. அது செவலையோட சண்டை போட்டுக்கிட்டே வந்துச்சு. மயிலையைக் கையில புடிச்சுக்கிட்டு ராமாயி பின்னாலயே நடந்து வந்தா. எறக்கத்துல எல்லாம் பின்னால ஒரு கயித்தைக் கட்டி வேலுமணி இழுத்துப் புடிச்சான். ரெண்டு நாள்ல வர வேண்டியது மூணு நாளாச்சு.

ஏரியில அந்த வருசம் தண்ணி முழங்கால் அளவு. மிட்டாதார் மகன் ஒரு தடவை ஏறி உக்காந்தான், படகு சேத்துல உக்காந்துக்குச்சு. எட்டு நாள் கழிச்சு மறுபடி ஆள் வந்துச்சு. படகை மேட்டூருக்குக் கொண்டு போவோணுமாம், அங்க தண்ணி கடலாட்டம் நிக்குதாம், தங்கமுத்து அதுல பழகுன ஆளுங்கிறதால அவனே வரட்டும்னு மிட்டாதார் சொன்னாராம். தங்கமுத்து கெளம்பறதுக்கு மேல்துண்டைத் தேடுனான்.

ராமாயி வேப்பெண்ணெய்க் கிண்ணத்தோட மாட்டுக் கட்டுத்தறியில நின்னுக்கிட்டு இருந்தா. மயிலையோட கழுத்தை வெரலால தடவிப் பாத்தா. பொறுக்கு உதுந்து, தோலு புதுசா இருந்துச்சு.

"முடி இன்னும் மொளைக்கலைங்க. மொளைச்சதும் சொல்லி அனுப்பறோம்னு சொல்லுங்க."

வந்த ஆள் எத்தனை நாளாகும்னு கேட்டான். அது மயிலைக்குத்தான் தெரியும்னுட்டு, அவ மறுபடி எண்ணெயைத் தொட்டா.