ஜீப்பைக் கண்டால் காலியாகும் பள்ளிக்கூடம்

நகரத்தில் எந்தப் பிள்ளைக்குப் படிப்பு எட்டுகிறது, எதற்கு எட்டவில்லை என்று ஆராய்வது என் தொழில். அதாவது, பூட்டிய கதவுகளைத் தட்டுவதும் தெருநாய்களோடு பேச்சுவார்த்தை நடத்துவதும். சர்வேக்கு அலைந்த சகோதரர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

ஆடு மட்டும் ஆஜர்

எழுபதுகளின் தொடக்கம். அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குப்பம், அதில் ஒரு மாநகராட்சிப் பள்ளி. பிள்ளைகள் வருவதில்லையாம், மூடிவிட்டு மயிலாப்பூர்ப் பள்ளி ஒன்றோடு சேர்த்துவிடலாமா என்று எங்கள் அலுவலகத்தின் அபிப்பிராயத்தைக் கேட்டிருந்தார்கள். தி. நகரிலிருந்து ஜீப்பில் போய் இறங்குவோம். வகுப்பில் ஓர் ஆடு கரும்பலகையைப் பார்த்தபடி அசைபோடும். கணக்கு அதற்கு ஓரளவு பிடிபட்டிருந்தது என்றே நினைக்கிறேன். எப்போது போனாலும் தலைமையாசிரியர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொல்வார்: "இப்பத்தான் சார் இருந்தாங்க."

கூடை

மீன் விற்கும் அஞ்சலையின் மகள் அங்கே நாலாம் வகுப்பு. பஸ் ஓடும் சாலையைத் தாண்டி மயிலாப்பூருக்கு அவள் போகப்போவதில்லை. "இன்னா நைனா, மூடப்போறீங்களாமே?" என்று அஞ்சலை என்னை வழிமறித்தாள்.

"பிள்ளைகளே இல்லையேம்மா" என்றேன்.

தலைக்கூடையை இறக்காமலே பேசினாள்: "ஸ்கூலத் தூக்கினா நாளைக்கே எம்பொண்ணு கூடையத் தூக்குவா. அத்தயும் எய்திக்கினு போ."

வண்டி மக்கர்

ஒருநாள் ஜீப் மக்கர் செய்தது. பஸ் பிடித்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்து போனேன். வகுப்பு நிரம்பி வழிந்தது. அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அந்தக் குப்பத்துக்கு எங்களைத் தவிர ஜீப்பில் வருகிறவர்கள் அம்மை குத்துகிறவர்கள் மட்டுமே. வண்டிச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் பின்ஜன்னல் வழியே குதித்துவிடுவார்கள். ஒருவன் ஓடிய ஓட்டத்தில் கொட்டிவாக்கத்தில்தான் நின்றானாம். நடுவில் ஆறு இருந்ததை அவன் கவனிக்கவில்லை. அன்றும் சிலர் ஜன்னலில் ஏறிவிட்டார்கள். அஞ்சலையின் மகள் என் கைகளை நன்றாகப் பார்த்துவிட்டு அவர்களிடம் சொன்னாள்: "ஜீப்பு இல்ல, ஊசி கெடையாது. குந்துங்கடா."

டைரக்டருக்கு இடமில்லை

எங்கள் டைரக்டர் மயிலாப்பூர்க்காரர். "இத்தனை நாளா ஆடு, இன்னிக்குத் திடீர்னு க்ளாஸ் ரொம்பிடுத்தா? யார்கிட்ட ஓய் கதை விடறீர்?" என்றார். என் வாயின் புகழ் அப்படி. பள்ளியை மூடலாம் என்று எழுதி டைப்புக்கும் கொடுத்துவிட்டார். கெஞ்சிக் கூத்தாடி, ஜீப் இல்லாமல், நடத்தியே அழைத்துப் போனேன். நான் கால் மணலை உதறுவதற்குள் அவர் வாசலுக்குப் போய்விட்டார். அவரை முன்பின் பார்த்திராத தலைமையாசிரியர், பேரனைச் சேர்க்க வந்தவர் என்று நினைத்துக் கைகூப்பினார்: "உக்கார எடமே இல்ல சார், வேற ஸ்கூல் பாருங்க."

விசாரணை

பள்ளி தப்பியது. இன்னொரு அறை வேண்டும் என்றும் டைரக்டரே எழுதினார். சேதி சொல்லப் போனபோது அஞ்சலை பெரிய சங்கரா மீன் ஒன்றை என் கையில் திணித்துவிட்டு, என் மகன் எங்கே படிக்கிறான் என்று விசாரித்தாள். தி. நகரில் ஒரு கான்வென்ட் என்றேன். சிரிக்காமல் கேட்டாள்: "அத்த மூடலாமா வேணாமான்னு யாருனா ஜீப்புல வந்து பாக்கறாங்களா நைனா?"

இதற்குப் பதில் தேடியே மீதி உத்தியோகத்தை ஓட்டி ஓய்வும் பெற்றுவிட்டேன். சங்கரா மட்டும் அன்று சாயங்காலமே தீர்ந்துவிட்டது.