மடி இல்லாத மாமன்

எனக்குத் தொந்தி இல்லை, வயிறு கொஞ்சம் முன்னால் வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லிச் சொல்லியே பல வருடம் ஓட்டிவிட்டேன். அதைக் கெடுத்தவர் என் தங்கை புருஷன். அவர்கள் வீட்டு விசேஷத்தில் நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததைப் பக்கவாட்டில் படம் பிடித்து, குடும்பக் குரூப்பில் போட்டு, ‘மச்சானுக்கு எத்தனாவது மாசம்?’ என்று கீழே எழுதினார். சொந்தபந்தம் மொத்தமும் சிரித்தது. நானும் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பிவிட்டு, அன்றைக்கு ஒரு தோசை குறைத்துச் சாப்பிட்டேன்.

அடுத்த ஆவணியில் அவர்கள் மகளுக்குக் காதுகுத்து. உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் குலசாமி கோயிலில். தாய்மாமன் நான்தான். மொட்டை போட்ட பிள்ளையை மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். போட்டோ, வீடியோ எல்லாம் உண்டு. இந்தத் தடவை மாப்பிள்ளை வாயை அடைத்தே தீருவது என்று எனக்கு வைராக்கியம் வந்துவிட்டது.

தொந்தியை மறைக்க ஒரு சாஸ்திரமே இருக்கிறது. நிறம் அடர்த்தியாக இருக்க வேண்டும். கோடு மேலிருந்து கீழே ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் தொலைந்தோம். துணி பளபளக்கக் கூடாது. போனில் பார்த்துப் பார்த்து எல்லாம் மனப்பாடம். மாசி வீதிக் கடையில், அரக்கு நிறத்தில் மெல்லிய கோடு போட்ட சட்டை ஒன்று மாட்டியது.

“நாப்பத்திநாலு போடுங்கண்ணே,” என்றார் துணி எடுத்துப் போட்டவர்.

“நாப்பத்திரெண்டு,” என்றேன்.

போட்டுக்கொண்டு வந்து நின்றேன். என் மனைவி சுற்றி வந்து பார்த்தாள். “மூச்ச உள்ள இழுத்துக்கிட்டு எம்புட்டு நேரம் இருப்பீங்க?”

“போட்டோ எடுக்குற வரைக்கும்.”

கண்ணாடியில் தெரிந்த ஆளைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

கோயிலில் நின்றுகொண்டிருந்த வரை ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளையே வந்து, “என்ன மச்சான், எளைச்சுட்டீங்க?” என்றார். அதைக் கேட்ட பிறகு மூச்சை விட யாருக்கு மனசு வரும்?

உட்காரும்போதுதான் மாட்டிக்கொண்டேன். பலகையில் சம்மணம் போட்டதும் வயிறு இறங்கி மடி முழுவதையும் பிடித்துக்கொண்டது. தங்கை பிள்ளையைக் கொண்டுவந்து உட்கார வைத்தாள். அது முழங்கால் வழியாகச் சறுக்கி இறங்கியது. மறுபடி வைத்தாள், மறுபடி சறுக்கியது. இடம் கொடுக்கலாம் என்று நான் வயிற்றை இன்னும் எக்கினேன். எக்க எக்க முதுகு விறைத்துப் பின்னால் சாய்ந்துவிட்டேன். பிள்ளை சாய ஒன்றும் இல்லாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

“மாமன்காரரே, பிள்ள ஆடுச்சுன்னா குத்து வெலகிப் போகும்,” என்றார் கம்பியோடு காத்திருந்த ஆசாரி.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சின்னக் காது அது. தங்கை குனிந்து மெதுவாகச் சொன்னாள்: “வயித்த விடுண்ணே. பிள்ள சாஞ்சுக்கிரட்டும்.”

எதிரே மாப்பிள்ளை போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். விட்டேன். வயிற்றுப் பொத்தான் தெறித்துப் போய்த் தாம்பாளத்தில் டிங்கென்று விழுந்தது. அது என்ன சத்தம் என்று தாம்பாளத்தையே பார்த்தபடி, பிள்ளை சந்தன மொட்டையை என் வயிற்றில் சாய்த்துக்கொண்டது. அதற்குள் ஆசாரி ஒரு காதை முடித்துவிட்டார். அடுத்த காதுக்குத்தான் அழுகை. அப்படியே திரும்பி, பொத்தான் போன இடத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பனியன் முழுக்கச் சந்தனமும் சளியும். அதன் அப்பாவே வந்து கூப்பிட்டும் போகவில்லை. எனக்கு அம்புட்டு சந்தோஷம்.

அந்தப் படத்தையும் மாப்பிள்ளைதான் குரூப்பில் போட்டார். சட்டை விரிந்து, வயிறு முழுதாகத் தெரிந்தது. கீழே அவர் ஒன்றும் எழுதவில்லை.

இப்போது தங்கையின் இரண்டாவது பிள்ளைக்குக் காதுகுத்து வருகிறது. அதே கடைக்குப் போனோம். நாற்பத்திநாலை நானே கேட்டு வாங்கிப் போட்டேன். கண்ணாடிப் பக்கம் போகவில்லை. கடை நடுவில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மனைவியின் கைப்பையை வாங்கி மடியில் வைத்தேன். அது என் வயிற்றில் சாய்ந்து அசையாமல் உட்கார்ந்தது.

“இதுக்கே பில் போடுங்க,” என்றேன்.