ஐலீன் கையிலிருந்த கெண்டி

எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்து மஞ்சள் பஸ் ஓட்டுகிற ஐலீன் ப்ரூயிட்டைத் தெரியாதவர் கிடையாது. ஒஹாயோ ஆற்றுக்கு வடகரையில், இண்டியானாவின் கடைக்கோடியில் இருக்கிற சின்ன ஊர் இது. இங்கே முப்பது வயதுக்குக் கீழே இருக்கிற பாதிப் பேர் அவள் பஸ்ஸில் ஏறிப் போய்ப் படித்தவர்கள்தான். ஆள் வாட்டசாட்டம். குரல் அதைவிட வாட்டசாட்டம். கடைசி சீட்டில் ஒருத்தன் சூயிங்கத்தை ஒட்ட வைத்தால், திரும்பிப் பார்க்காமலேயே அவன் பெயரைச் சொல்லி அதட்டுவாள்.

அதே ஐலீன் சனிக்கிழமை மத்தியானம் வலை தொங்கும் தொப்பியும் லேஸ் கையுறையும் கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டையுமாக, நூறு வருஷத்துக்கு முந்தைய சீமாட்டி மாதிரி தேநீர் ஊற்றுவாள். பார்க்காதவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். நான் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, பெயர் நோரீன், பெண்களுக்கு முடிவெட்டும் கடை வைத்திருக்கிறேன். எனக்கே அவளை அந்தக் கோலத்தில் பார்த்துச் சிரிக்காமல் இருக்கப் பல வருஷம் பிடித்தது.

இந்தப் பைத்தியம் அவளைப் பிடித்தது ஒரு ஏலத்தில். பண்ணை வீட்டுக் கிழவி ஒருத்தி இறந்துபோய், அவள் சாமான்களை வாசலில் பரப்பி விற்றார்கள். ஐலீனின் கணவர் ரஸ், புல்வெட்டி இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர், ஏதோ ஒரு பழைய மோட்டாருக்காகப் போனார். கூடப் போன ஐலீன், யாரும் சீண்டாத ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே மெல்லிய பீங்கான் கோப்பைகள், ஒன்று போல ஒன்று இல்லை. அடியில் விருந்து உபசாரம் பற்றிய பழைய புத்தகம் ஒன்று. பைபிளைக் கூட அவள் அத்தனை சிரத்தையாகப் படித்து நான் பார்த்ததில்லை.

அதிலிருந்து ஊரில் யாருக்குத் தலைப்பிள்ளை என்றாலும், பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பெண்கள் கூடிப் பரிசு கொடுக்கிற பேபி ஷவர் விருந்து ஐலீன் வீட்டில்தான். முன்னெல்லாம் சர்ச்சின் கீழ்த்தளத்தில் காகிதத் தட்டில் கேக், பிளாஸ்டிக் கிளாஸில் ஐஸ் போட்ட சர்க்கரைத் தேநீர் என்று முடித்துக்கொள்வோம். ஐலீன் வந்து அதையெல்லாம் மாற்றினாள். தொப்பி போடாமல் வந்தால், வாசலிலேயே நிறுத்தி அவளுடைய தொப்பி ஒன்றைத் தலையில் கவிழ்ப்பாள். கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டியைக் கத்தியால் அறுக்கக் கூடாது, கையால் பிய்க்க வேண்டும். கோப்பையில் கரண்டி மோதி ஓசை வரக் கூடாது. ஒரு தடவை நான் தெரியாத்தனமாகப் பாலும் எலுமிச்சையும் சேர்த்து ஊற்றிக்கொண்டு, திரிந்துபோனதை அவள் பார்ப்பதற்குள் மடக்கென்று குடித்துத் தொலைத்தேன். ஓரம் வெட்டிய வெள்ளரிக்காய் சாண்ட்விச் இரண்டு விரல் அகலம் இருக்கும். வீட்டுக்குப் போய்த்தான் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். ஆனாலும் ஒருத்தி விடாமல் போவோம், ஏனென்றால் நடுவில் அவள் போட்டு வைக்கும் நாற்காலியில் உட்கார்கிற கர்ப்பிணிக்கு அன்றைக்கு ராணி மாதிரி இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. தேநீர்க் கெண்டி யார் கையில் இருக்கிறதோ அவள்தான் விருந்து கொடுக்கிறவள். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. விருந்துக்கு உரிய கர்ப்பிணி சத்தியமாகத் தொடக் கூடாது. எங்கள் பக்கத்தில் தனக்குத் தானே ஷவர் நடத்திக்கொள்கிறவளை, வீடு வீடாகக் கையேந்துகிறவள் என்றுதான் பேசுவார்கள். பெற்ற தாய் நடத்தினால்கூட முகம் சுளிப்பார்கள்.

இத்தனை பேருக்கு ஊற்றிய ஐலீனுக்கு ஒரு பிள்ளை இல்லை. டாக்டர்களிடம் போய்ப் பார்த்துக் களைத்து, தத்தெடுக்க எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஏழு வருஷத்துக்கு முன் ஒரு குழந்தை நிச்சயமானது. நாங்கள் பெண்கள் எல்லோரும் சேர்ந்து என் வீட்டில் அவளுக்கு ஷவர் நடத்தினோம். நான் மஞ்சள் கம்பளி நூலில் ஒரு போர்வை பின்னிக் கொடுத்தேன். கடைசியில் நூல் தீர்ந்துபோய், அதே மஞ்சள் கிடைக்காமல், ஒரு மூலையை வேறு மஞ்சளில் முடித்திருந்தேன்.

பெற்றவள் மனம் மாறிவிட்டாள். அவள் பிள்ளை, அவள் உரிமை, யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதற்கடுத்த வாரம் ஐலீன் செய்ததை நான் மறக்க மாட்டேன். பரிசுகளையெல்லாம் மடித்து, மெல்லிய காகிதத்தில் சுற்றி, தன் காரில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தாள். பிள்ளை வராவிட்டால் பரிசை வைத்துக்கொள்ளக் கூடாது என்று அந்தப் புத்தகத்தில் இருந்ததாம். என் வாசலிலும் வந்து நின்றாள். போர்வையைத் துவைத்து இஸ்திரி போட்டிருந்தாள். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். போர்வையை அலமாரியின் அடியில் வைத்தேன், வேறு எந்தப் பிள்ளைக்கும் கொடுக்க மனசு வரவில்லை.

போன வருஷம் இலை உதிரும் காலத்தில் அவர்கள் வீட்டுக்கு ஒரு கைக்குழந்தை வந்தது. பெண் குழந்தை. கோர்ட்டில் ஜட்ஜ் கையெழுத்துப் போட்டால் அவர்களுடையது. போடும் வரை எதுவும் நிச்சயமில்லை. ஐலீன் ஒரு சொக்காய்கூடப் புதிதாக வாங்கவில்லை. இரவல் தொட்டில், இரவல் துணி. என்ன பெயர் வைத்திருக்கிறாய் என்று கேட்டால், "பாப்பா"தான் என்பாள். ரஸ் என்னிடம் தனியாகச் சொன்னார், பெயர் இருக்கிறதாம், வாய்விட்டுச் சொல்லப் பயமாம்.

"எனக்கு ஷவர் கிவர்னு யாராவது ஆரம்பிச்சீங்க, அப்புறம் என் முகத்துல முழிக்க முடியாது" என்று அவள் சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் டெசா ஒரு வழி சொன்னாள். டெசா பாலர் வகுப்பு டீச்சர், சின்ன வயசில் ஐலீன் பஸ்ஸில் போனவள், இப்போது தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டிருக்கிறாள். "எனக்குன்னு சொல்லி அவங்ககிட்டயே விருந்த வைக்கச் சொல்லுவோம். வியாழக்கிழமை கோர்ட்டு, சனிக்கிழமை விருந்து. அங்க வச்சு இது உங்களுக்குத்தான்னு சொல்லிடுவோம். கையெழுத்து விழுந்தப்புறம் வேணாம்னு சொல்ல முடியாதில்ல? என்னோடத அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள்.

"உனக்கு வருத்தமா இருக்காதாடி?"

"ரெண்டாங்கிளாஸ்ல பஸ்ஸுல வாந்தி எடுத்துட்டேன், நோரீன் அக்கா. எல்லாரும் மூக்கப் பொத்திக்கிட்டாங்க. மிஸ் ஐலீன் அவங்க ஸ்வெட்டரக் கழட்டி எனக்குப் போட்டுவிட்டு, முன்சீட்டுல உக்கார வச்சாங்க. குளிர்ல பல்லு தந்தியடிக்க ஓட்டிட்டுப் போனாங்க. எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல."

ஐலீன் உடனே சம்மதித்தாள். வேலை இருந்தால் கோர்ட்டைப் பற்றி நினைப்பு ஓடாது என்பது அவள் கணக்கு. நாங்கள் ஆளுக்கொரு பரிசு வாங்கி வைத்தோம். நான் அலமாரியின் அடியிலிருந்து போர்வையை எடுத்து உதறினேன்.

வியாழக்கிழமை ஜட்ஜுக்குக் காய்ச்சல். வழக்கைச் செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிவிட்டார்கள்.

இப்போது என்ன செய்வது? விருந்தை நிறுத்தினால் ஐலீன் ஏன் என்று கேட்பாள். நிஜமாகவே டெசாவின் விருந்தாக நடத்திவிடுவது, பரிசுகளைப் பிரிக்காமல் டெசா தூக்கிக்கொண்டு போய்ச் செவ்வாய் வரை வைத்திருப்பது என்று முடிவு செய்தோம். ஐலீனைத் தெரிந்த யாரும் இப்படி ஒரு முடிவு எடுத்திருக்க மாட்டார்கள். பதற்றத்தில் எங்களுக்குப் புத்தி வேலை செய்யவில்லை.

சனிக்கிழமை வீடு ஜொலித்தது. ரஸ் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்து ஒர்க்ஷாப்புக்குப் போய்விட்டார். ஐலீன் எல்லோருக்கும் தேநீர் ஊற்றி முடித்தாள். டெசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "பரிசெல்லாம் வீட்டுல போய்ப் பிரிச்சுக்கிறேனே, மிஸ் ஐலீன், அசதியா இருக்கு" என்றாள்.

"அதெப்படி? கொடுத்தவங்க கண்ணு முன்னாடி பிரிக்காம எடுத்துட்டுப் போறது அவங்கள அவமானப்படுத்தற மாதிரி. நீ சும்மா சாஞ்சு உக்காரு. நான் பிரிக்கிறேன்."

முதல் பொட்டலம் விருந்துக்கு வந்திருந்த மிசஸ் ஹோல்ப்ரூக்குடையது. இளஞ்சிவப்பில் பூப்போட்ட கவுன், இடுப்பில் சரிகை நாடா.

ஐலீன் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "ஸ்கேன்ல பையன்னுதானே சொன்னாங்க?"

"டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க" என்றாள் மிசஸ் ஹோல்ப்ரூக், தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு.

அடுத்தது இளஞ்சிவப்புக் காலுறை. அதற்கடுத்தது தலைக்குக் கட்டும் ரிப்பன். ஒருத்தியாவது பையனுக்கு ஏற்ற மாதிரி மாற்றியிருப்பாள் என்று ஒவ்வொருத்தியும் நினைத்து, யாருமே மாற்றவில்லை. ஐலீனுக்கு முகம் மாறியது. எனக்கு அந்த முகம் தெரியும், சூயிங்கம் ஒட்டியது யார் என்று தேடுகிற முகம். என் பொட்டலத்தை நாற்காலிக்கு அடியில் தள்ளப் பார்த்தேன். அதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

மஞ்சள் போர்வை அவள் மடியில் விழுந்தது. நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போய், நூல் மாறிய மூலையில் கையை நிறுத்தினாள்.

"இது யாரு யோசனை?" என்று கேட்டாள். பஸ் குரல்.

டெசா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள். நானும் தூக்கினேன். பிறகு ஒவ்வொருத்தியாக, தொப்பியும் லேஸுமாக, எல்லோரும் தூக்கினோம்.

ஐலீன் கெண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. "செவ்வாக்கிழமைதான் கோர்ட்டு. இன்னும் நிச்சயமில்ல. இதையெல்லாம் திரும்பக் கட்டி எடுத்துட்டு ஒவ்வொரு வாசலா வந்து நிக்க எனக்குத் தெம்பு இல்ல, நோரீன்."

"நீ வர வேணாம்டி. அப்படி ஏதாவது ஆச்சுன்னா நாங்க வர்றோம். நீ கதவைக்கூடத் திறக்க வேணாம், நாங்களே எடுத்துக்கிறோம். ஆனா செவ்வாக்கிழமை வரைக்கும் அந்தப் பிள்ளை இரவல் துணியிலயே இருக்கணும்னு என்ன தலையெழுத்து?"

கடைசியில் அந்தப் புத்தகத்துக்குள் போய் ஒளிந்துகொண்டாள். "என் வீட்டுல, என் கையால ஊத்தி, எனக்கே ஷவரா? ஊரு சிரிக்கும்."

டெசா நாற்காலியிலிருந்து எழுந்தாள். வயிறு முன்னால் வர, மெதுவாக நடந்து போய், ஐலீன் கையிலிருந்து கெண்டியை வாங்கினாள். எத்தனையோ வருஷமாக யாரும் செய்யாத காரியம் அது. ஐலீனின் விரல்கள் உடனே விடவில்லை. பிறகு விட்டன.

"கெண்டி இப்ப என் கையில இருக்கு. அப்ப விருந்து என்னோடது. நீங்க போய் அங்க உக்காருங்க, மிஸ் ஐலீன்."

ஐலீன் அந்த நாற்காலியைப் பார்த்தாள். ஊரிலுள்ள பெண்களையெல்லாம் உட்கார வைத்த நாற்காலி. போய் உட்கார்ந்தாள், முழுசாக இல்லை, விளிம்பில். டெசா ஊற்றியதில் பாதி சாஸரில் வழிந்தது.

"சாஸர்ல ஊத்தாதடி" என்று ஐலீன் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. ஏழு வருஷமாக அவள் அழாமல் வைத்திருந்தது அது. நாங்கள் யாரும் ஓடிப் போய்ச் சமாதானம் சொல்லவில்லை. அழட்டும் என்று விட்டோம். எனக்கு அன்றைக்குக் கடவுள்மேல் இருந்த நன்றியை எந்த ஞாயிற்றுக்கிழமையும் சர்ச்சில் உணர்ந்ததில்லை.

ரஸ் எல்லாம் தெரிந்தவர்தான். சமையலறைக் கதவருகில் கிரீஸ் கறை படிந்த சட்டையோடு குழந்தையை ஏந்திக்கொண்டு நின்றார். ஐலீன் கை நீட்டினாள். போர்வையில் குழந்தையைச் சுற்றினாள், வேறு மஞ்சள் மூலை கன்னத்துக்குக் கீழே வந்தது. பிறகு எங்கள் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ பேரு எல்சி" என்றாள்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "செவ்வாக்கிழமை என்ன ஆனாலும் சரி. இவ போட்டுக்கிட்டதை எடுக்க நீ வராதே. இந்தத் தடவை திருப்பித் தர மாட்டேன்."

செவ்வாய்க்கிழமை ஜட்ஜ் காய்ச்சல் தெளிந்து வந்து கையெழுத்துப் போட்டார். ஒரு மாதம் கழித்து டெசாவுக்கு விருந்து நடந்தது, கெண்டி மறுபடி ஐலீன் கையில். என்னைத் தவிர எல்லோரும் நீலத்தில் கொண்டுவந்தார்கள். நான் மஞ்சளில் ஒன்று பின்னிக் கொடுத்தேன், இந்தத் தடவை நூல் பாதியில் தீரவில்லை.

இன்று காலை கடைக்குக் கிளம்பும்போது வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். ஐலீனின் துணிக்கொடியில் என் பழைய போர்வை காய்ந்துகொண்டிருந்தது. காரட் மசித்த கறை, பால் கக்கிய கறை, என்னவென்றே தெரியாத ஒரு பச்சைக் கறை. துவைத்தும் எதுவும் போகவில்லை. இஸ்திரி போட்டாலும் இனி யாரிடமும் திருப்பித் தர முடியாது.