விட்டு விட்டு ஒலித்த மணி

மலாயாவில் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலத்தின் தொடக்க ஆண்டுகளில், செலண்டாருக்கு அருகே ஓர் இரப்பர்த் தோட்டத்தில் நான் கிராணியாக, அதாவது கணக்கராக, பணியாற்றினேன். விடியலில் தொழிலாளரைப் பெரட்டுக்கு, அதாவது பெயர் அழைப்புக்கு, வரவழைக்க அலுவலக முகப்பில் தொங்கிய தண்டவாளத் துண்டை மணியாகத் தட்டுவது வழக்கம். காட்டிலிருந்து தாக்குதல் வரலாம் என்ற அச்சம் பரவியபோது எச்சரிக்கைக்கும் ஓர் ஒலி தேவைப்பட்டது. விதியை வகுத்தவன் நான். விட்டு விட்டு ஒலித்தால் பெரட்டு; இடைவிடாது ஒலித்தால் ஆபத்து, வீட்டுக்குள்ளேயே தரையில் படுத்துவிட வேண்டும்.

தோட்ட மருந்தகத்தில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரஸர் இதை ஏற்கவில்லை.

"ரெண்டுக்கும் ஒரே இரும்பா, கிராணியாரே? பயத்துல கை உதறுனா என்னா ஆவும்? ஆபத்துக்கு வேற சத்தம் வைங்க. ஒரு தகர டின்னு போதும் லா."

"கை உதறுறவன் மணிகிட்ட ஏன் சார் போறான்? உங்ககிட்ட மருந்து வாங்கிக் குடிச்சிட்டுப் படுக்கட்டும்" என்றேன். அலுவலகமே சிரித்தது. கவனமுள்ளவனுக்குக் காப்பு எதற்கு என்பது அன்றைய என் செருக்கு.

ஒரு நாள், பெரட்டு நேரத்துக்குச் சற்று முன், ஆயுதம் தாங்கிய சிலர் முள்வேலியை அறுப்பதைக் கண்டேன். ஓடிச்சென்று தண்டவாளத்தை அடித்தேன். வியர்த்த கையிலிருந்து சுத்தியல் நழுவியது. எடுத்து அடித்தேன், மீண்டும் நழுவியது. தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பால்வாளியும் உளியுமாகப் பெரட்டுக்கு வரத் தொடங்கினார்கள். "படுங்கள்" என்று கத்துவதற்குள் துப்பாக்கிகள் வெடித்தன.

தோட்டக் காவலர் திருப்பிச் சுடவே, வந்தவர்கள் காட்டுக்குள் மறைந்தனர். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால், பால்மரம் வெட்டும் பெண்ணொருத்தியின் வலது மணிக்கட்டைக் குண்டு சிதைத்துவிட்டது. டிரஸர் கட்டுப் போடும்போது அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"கிராணி ஐயா, மணி விட்டு விட்டுத்தானே அடிச்சிச்சு? நாந்தான் தப்பா கேட்டுட்டேனா?"



"நீ சரியாத்தாம்மா கேட்ட" என்றார் டிரஸர், என் பக்கம் திரும்பாமலே.

இன்று என் பெயர்த்தி கணினி நிரல் எழுதுகிறாள். கவனமாக எழுதத் தெரிந்தவருக்குப் பிழையைத் தடுக்கும் கணினி மொழி எதற்கு என்று அவளுடைய அலுவலகத்தில் வாதம் நடக்கிறதாம். என் கருத்தைக் கேட்டாள். பிழை என் கையில் நேர்ந்தது, உளி பிடிக்க முடியாமற் போனதோ அந்தப் பால்மரம் வெட்டும் பெண்ணின் கை என்பதைச் சொல்ல, இத்தனை ஆண்டுகள் கடந்தும் எனக்கு நாணமாகவே இருக்கிறது.