தாளிப்பு இல்லாத நாட்கள்

எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்கும் சத்தம் பங்குனியில் ஒரு நாள் எங்கள் தெருவை விட்டே போய்விடும். அதன் பின்னாலேயே கறிவேப்பிலை பொரியும் மணமும் பெருங்காய மணமும் கிளம்பிப் போக, காற்றில் மஞ்சள் தண்ணீரும் கசங்கிய வேப்பிலையும் மட்டும் மிஞ்சியிருக்கும். மாரியம்மன் கோயில் வாசலில் 'கம்பம்' நட்டாயிற்று என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

சங்ககிரிக்குப் பக்கத்தில், காடு தோட்டம் வைத்து வெள்ளாமை செய்பவர்களும் லாரி ஓட்டுபவர்களும் கலந்து வாழ்ந்த ஊர் அது. மூன்று கவையாகப் பிரிந்த வேப்பமரத் துண்டுதான் கம்பம். அவர் ஆத்தாளின் புருஷன். நட்ட நாள் முதல் பிடுங்கிக் கிணற்றில் விடும் நாள் வரை, பெண்கள் விடியலில் தலைக்குக் குளித்து, ஈரப் புடவையோடு குடம் குடமாக ஊற்றி அவரைக் குளிர வைக்க வேண்டும்; அதுவரை எந்த அடுப்பிலும் தாளிக்கக் கூடாது. இங்கே எண்ணெயில் கடுகு வெடித்தால் அங்கே ஆத்தாள் மேனியில் முத்து வெடிக்கும் என்பார்கள். அம்மை வார்த்த பிள்ளைகளை மடியில் போட்டுப் பார்த்திருந்த எங்கள் அம்மாக்களுக்கு அந்த வார்த்தை போதும்.

ஒற்றுமையான ஊர் என்று எழுத ஆசைதான், ஆனால் இல்லை. என் அம்மாவும் அடுத்த தோட்டத்துப் பாவாயி அக்காவும் கிணற்றுப் பங்குத் தகராறில் முகம் பார்த்துப் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனாலும் அந்த நாட்களில் இரண்டு வீட்டுக் குழம்பும் ஒன்றுபோலச் சப்பென்றிருக்கும். வேகவைத்த பருப்பில் உப்பைப் போட்டு, எங்களுக்குள் பேச்சில்லாமலே நாங்கள் எல்லாரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

அப்படியான ஒரு மத்தியானம், தெருவில் ரசம் தாளித்த மணம் வந்தது.

நான் வாசலில் புளியங்கொட்டை உரசிக்கொண்டிருந்தேன். கடுகு, பூண்டு, வரமிளகாய், கடைசியில் பெருங்காயம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த அந்த மணத்தில் தெருவே கையில் இருந்த வேலையை நிறுத்தியது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. லாரி நின்றிருந்தது வசந்தா வீட்டு வாசலில். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த புதுமருமகள் அவள். முந்தின வருஷம் கணவன் ஓட்டிய லாரி மலைப்பாதையில் கவிழ்ந்து அவன் உயிரோடு திரும்பியபோது, வருகிற கம்பத்துக்கு ஒரு நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டவள். வடக்கே போயிருந்தவன் அன்றைக்குத்தான் இளைத்துக் கறுத்து வந்து இறங்கியிருந்தான்.

மறுநாள் விடியலில் என் சின்னச் செம்போடு அம்மாவின் முந்தானையைப் பிடித்து நின்றேன். வரிசை நகரவில்லை. பூசாரி கம்பத்தை மறித்தாற்போல நின்றிருந்தார்.

"நேத்து தாளிச்சது எந்த ஊடுன்னு நான் கேக்கலீங்க. அந்த ஊட்டுக்காரங்களே கொடத்தக் கீழ வெச்சுட்டு நவுந்துக்கட்டும்."

வசந்தாவின் குடம் தளும்பிற்று. குடத்தை இறக்கினால் வேண்டுதல் முறிந்தது. இறக்காவிட்டால் ஆத்தாளுக்கு முன்னால் பொய். "கை தானா போயிடுச்சுக்கா," என்று யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டே அவள் குனியப் போனபோது, பாவாயி அக்கா தன் இடுப்புக் குடத்தை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"ஏனுங்க பூசாரி, தாளிச்சது அவ ஒருத்தி. மோந்தது ஊரே. நேத்து எனக்கு எச்சி ஊறலன்னு ஒருத்தி ஆத்தா முன்னால சொல்லட்டும், நான் வாயத் தொறக்கல."

யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். எனக்கு ஊறியிருந்தது, அம்மாவுக்கும் ஊறியிருக்க வேண்டும். பாவாயி அக்காவின் பக்கம் திரும்பவே மாட்டாத அம்மா, அப்போது திரும்பினாள்.

"அக்கா சொல்றது நெசந்தானுங்க. ஆத்தாளும் புருசனுக்குத்தான் தண்ணி ஊத்தச் சொல்றா. இவளும் புருசனுக்குத்தான் ரசம் வெச்சா."

பூசாரி தாடியைச் சொறிந்தார். கம்பத்தைப் பார்த்தார், அத்தனை ஈரத் தலைகளையும் பார்த்தார். "அப்ப அத்தன பேரும் தின்னவங்கதான். போயி மறுக்கா தலைக்கு ஊத்திட்டு வாங்க, சாமி."

திரும்பிப் போனோம், எல்லாரும். அம்மா அன்றைக்குத் தண்ணீர் இறைத்தது தகராறில் கிடந்த அதே பங்குக் கிணற்றில். கயிற்றை நீட்டியது பாவாயி அக்கா. பல் கிட்டித்துப்போக இரண்டாவது முறை குளித்து வந்து ஊற்றியபோது வெயில் ஏறிவிட்டது. வசந்தா ஊற்றுகையில் விசும்பிக்கொண்டிருந்தாள். அவள் குடத்துத் தண்ணீரும் எங்கள் தண்ணீரும் கம்பத்தின் ஒரே வேப்பிலைக் கொத்தில் வழிந்து ஒரே மண்ணில் இறங்கின. கம்பம் பிடுங்கிய மறுநாளே கிணற்றுச் சண்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது சேலத்தில் ஐந்தாவது மாடியில் இருக்கிறேன். ஊரில் இன்னும் கம்பம் நடுகிறார்கள். படம் கைபேசிக்கு வந்துவிடுகிறது. புகைபோக்கி வைத்துக் கட்டிய வீடுகளில் யார் தாளிக்கிறார்கள், யார் தாளிக்கவில்லை என்பது யாருக்கும் தெரிவதில்லை என்கிறார்கள். நான் மட்டும் இங்கே அந்த நாட்களைத் தாளிக்காமல் கழிக்கிறேன்.

இந்தப் பங்குனியில் வேறெதையோ யோசித்தபடி அடுப்படியில் நின்றேன். கை தானாகப் போயிற்று. கடுகு வெடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன், வாசல் கதவையும் திறந்துவைத்தேன். மின்தூக்கி ஏறி வந்து, வேறொரு மாடியில் நின்று, இறங்கிப் போயிற்று. எந்த ஊடு என்று கேட்டு யாரும் வரவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுக்கா தலைக்கு ஊற்றிக்கொள்ளப் போனேன், தனியாக.